மலைநாட்டில் பறவை காணும் பயணம்

(தோட்டப் பொதுமண்டபம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பறவைகளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தலைவர் அறிவித்தவுடன் உங்களில் சிலர் புன்னகை செய்ததைக் கண்டோம். அதில் தவறொன்றும் இல்லை. சம்பளம், சொந்த வீடு, பிள்ளைகளின் கல்வி, மழைக்காலத்தில் குறைந்துபோகும் வேலைநாள் என்று பேச வேண்டியவை பல இருக்கின்றன. இவற்றுக்கிடையே குருவியைக் காண மலையேறுவது வேலையற்றவரின் பொழுதுபோக்கு எனத் தோன்றுவது இயல்பே.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நமது மலைகளில் உள்ள பறவைகளைக் காண்பதற்காக ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மக்கள் கடல் கடந்து வருகிறார்கள். அம்மலைகள் தெரியும் தொலைவில் வாழும் நம்மிற் பலரோ அங்கு ஒருமுறைகூடச் சென்றதில்லை. நமது வாசலில் உள்ள செல்வத்தை அயலார் வந்து கண்டு மகிழ, நாம் அதன் பெயரைக்கூட அறியாதிருப்பது முறையாகுமா? இதுவே இன்று நாம் உங்கள்முன் வைக்கும் கேள்வி.

நம்மிடம் உள்ள தகுதி

பறவை காண்பதற்கு என்ன தகுதி வேண்டும்? முதலாவது, விடியுமுன் எழ வேண்டும். இரண்டாவது, மரங்களுக்கிடையே ஓசையின்றி நடக்கத் தெரிய வேண்டும். மூன்றாவது, ஒரே இடத்தைப் பொறுமையுடன் உற்றுநோக்கும் கண் வேண்டும். இம்மூன்றையும் நகரத்தார் முயன்று பழக வேண்டும். பெரட்டுக்கு நிற்பதற்காக இருள் பிரியுமுன் எழுந்து, நிரை நிரையாக நடந்து, பட்டையின் மெல்லிய கோட்டைப் பார்த்துக் கத்தி பிடிக்கும் உங்களுக்கோ அவை அன்றாடப் பழக்கம்.

தோட்டத்துப் பறவைகளையும் நீங்கள் அறிவீர்கள். மைனா, கரிச்சான், செம்போத்து, மாங்குயில், மீன்கொத்தி ஆகியவற்றை அறியாதவர் இங்கு யார்? ஆனால் பால்மரக் காட்டில் காணும் பறவை வகைகள் குறைவு. காரணம் எளிது. ரப்பர் மரம் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. அதன் கன்றுகள் 1877-ஆம் ஆண்டில்தான் இங்கு வந்து வேரூன்றின. இந்நாட்டுப் பறவைகள் உண்பதற்கேற்ற கனி அதில் இல்லை. ஒரே வகை மரம் நிற்கும் இடத்தில் ஒருசில பறவைகளே பிழைக்கும். நூற்றுக்கணக்கான மரவகைகள் நெருங்கி நிற்கும் மலைக்காட்டிலோ ஒவ்வொரு கிளையிலும் ஒரு குடித்தனம் நடக்கும்.

மலை ஒரு மாடிவீடு

தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பாக விளங்குவது தித்திவங்சா மலைத்தொடர். தாய்லாந்து எல்லையிலிருந்து நெகிரி செம்பிலான் வரை அது ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீள்கிறது. சிலாங்கூர், பேராக் மாநிலங்களின் தோட்டங்கள் பலவற்றிலிருந்து கிழக்கே நோக்கினால் நீலமாகத் தெரிவது இம்மலைத்தொடரே.

இம்மலையை ஒரு மாடிவீடு என்று கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறைகிறது. வெப்பம் குறையக் குறைய மரங்கள் மாறுகின்றன. அடிவாரத்தில் மெராந்தி, கெருயிங் முதலிய நெடுமரங்கள் வானளாவி நிற்கும். மேலே செல்லச் செல்ல மரங்கள் குட்டையாகி, கிளைகளில் பாசி படர்ந்து, மரக்கிளையிலேயே பெரணியும் ஆர்க்கிட்டும் வளரக் காணலாம். மரம் மாறினால் பறவையும் மாறும். கீழ்மாடியில் குடியிருக்கும் பறவை மேல்மாடிக்கு வருவதில்லை. மேல்மாடிப் பறவை கீழே இறங்குவதுமில்லை. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தைத் தாண்டியதும், தாழ்நிலத்தில் வாழ்நாள் முழுதும் இருந்தாலும் காண முடியாத பறவைகள் தோன்றத் தொடங்கும்.

இதிலிருந்து ஒரு பெரும் உண்மை விளங்கும். மலையுச்சிக் காட்டை அழித்தால் அங்குள்ள பறவை வேறிடம் சென்று பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணலாகாது. அதற்கு மேலே ஏற வேறு மாடி இல்லை.

பிரேசர் மலை

முதற்பயணத்துக்கு ஏற்ற இடம் பிரேசர் மலை. பகாங் மாநிலத்தில், சிலாங்கூர் எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் அது அமைந்துள்ளது. தலைநகரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கோலகுபு பாரு நகரைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து காட்டினுள் ஏறும். 'கேப்' என்னும் கணவாயிலிருந்து உச்சிக்கு 8 கிலோமீட்டர்.

லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு ஈயம் தோண்டி, கோவேறு கழுதைகளின்மீது ஏற்றிக் கீழே அனுப்பி வந்தார். பின்னர் அவர் எங்கோ மறைந்துவிட்டார். 1917-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆயராகிய பெர்குசன் டேவி அவரைத் தேடி மலையேறினார். ஆளைக் காணவில்லை, ஆனால் மலையின் குளிர்ச்சியைக் கண்டார். அவர் தந்த செய்தியின் பேரில் 1919-இல் சாலைப் பணி தொடங்கி, 1922-இல் மலைவாசத்தலம் திறக்கப்பட்டது.

அவசரகால ஆண்டுகளில் இச்சாலை அச்சத்துக்குரியதாக இருந்தது. 1951 அக்டோபர் 6-ஆம் நாள், பிரிட்டிஷ் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது கோலகுபுவிலிருந்து இம்மலைக்குச் செல்லும் வழியில்தான். அந்நாளில் காவற்படையின்றி எவரும் கடக்கத் துணியாத அதே சாலையோரத்தில், இன்று தாயும் பிள்ளையும் நின்று குருவி பார்க்கின்றனர். நாட்டில் அமைதி நிலவுவதன் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், இதைவிட எளிய விடை வேறில்லை.

கண்டு மகிழத்தக்கவை

பிரேசர் மலையிலும் அதன் சரிவுகளிலும் 200-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் மூன்று நான்கை மட்டும் கூறுவோம்.

முதலாவது, அம்மலையின் அடையாளமாகவே விளங்கும் ஒருவகைக் குக்குறுவான். உடல் பசுமை, தலை பழுப்பு, மார்பில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. அலகின் அடியில் தீக்கொழுந்து போன்ற குஞ்சம். அதன் குரல் சில்வண்டின் ஓசையை ஒத்தது. மெல்லத் தொடங்கி, விரைந்து விரைந்து, கடைசியில் ஒரே இரைச்சலாக முடியும். தீபகற்ப மலேசியாவின் மலைகளையும் சுமத்திராவின் மலைகளையும் தவிர உலகில் வேறெங்கும் இப்பறவை இல்லை.

இரண்டாவது, வெள்ளிச் செவி உடைய சிறுகுருவி. கருந்தலையில் காதிருக்கும் இடத்தில் வெள்ளித் தகடு ஒட்டியதுபோல் ஒரு புள்ளி. கழுத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும். நகைக்கடையில் இவ்வளவு நேர்த்தியான வேலைப்பாட்டை நாம் கண்டதில்லை. மூன்றாவது, பச்சை உடலும் மஞ்சள் முகமும் நீல வாலும் கொண்டு, தலையில் கருந்தொப்பி அணிந்ததுபோல் தோன்றும் நெடுவால் அகலவாயன். இது தன் கூட்டைக் கிளையின் நுனியில் பைபோலத் தொங்கவிடும்.

இப்பறவைகளிற் பல தனித்து இரைதேடுவதில்லை. சில வேளை அரைமணி நேரம் காட்டில் ஒரு சிறகொலியும் இராது. திடீரெனப் பத்துப் பன்னிரண்டு வகைப் பறவைகள் ஒன்றாக வந்து மரங்களை நிறைக்கும். ஒன்று பட்டையைக் கொத்தும். ஒன்று இலையின் அடியைத் துழாவும். ஒன்று கிளம்பும் பூச்சியைப் பறந்து பிடிக்கும். ஒன்றின் உணவில் மற்றொன்று கைவைப்பதில்லை. துடுப்புவால் கரிச்சான் போன்ற பறவை, பருந்தின் வரவைக் கண்டால் உடனே குரல் கொடுத்து எச்சரிக்கும். பல கண்கள் காவல் இருப்பதால் எல்லாப் பறவையும் அச்சமின்றி உண்ணும். பல இனத்தவர் கூடி வாழும் இந்நாட்டில் பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க காட்சி இது.

நாம் ஒருமுறை தோட்டத்து மகளிர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். தொலைநோக்கி வைத்திருந்த நாங்கள் எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். மரம் சீவும் அம்மையார் ஒருவர் மட்டும் குனிந்து, சாலையோரப் புதரில் இலைகள் அசைவதைக் காட்டினார். அங்கே செந்தொப்பி அணிந்ததுபோன்ற சிரிப்பான் குருவிகள் ஆறு தரையைக் கிளறிக்கொண்டிருந்தன. "கருவி வேண்டியதில்லை ஐயா, இருட்டில் மங்கு இருக்கும் இடம் தெரிகிற கண்ணுக்கு இது தெரியாதா?" என்றார் அவர். அன்று முழுவதும் அவரே எங்களுக்கு வழிகாட்டியானார்.

இருவாட்சியின் இல்லறம்

மலைச்சரிவுகளில் காலை வேளையில் ரயில் வண்டி வருவதுபோன்ற இரைச்சல் கேட்டால் அண்ணாந்து பாருங்கள். அது இருவாட்சியின் சிறகொலி. மலேசியாவில் பத்து வகை இருவாட்சிகள் உண்டு. அவற்றுள் காண்டாமிருக இருவாட்சி நமது தேசியப் பறவை. சரவாக் மாநிலச் சின்னமும் அதுவே. பெரிய இருவாட்சி என்னும் மற்றொரு வகை இம்மலைகளிலும் வாழ்கிறது. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகத்தின் ஆனைமலைக் காடுகளிலும் வாழ்கிறது.

இருவாட்சியின் இல்லறம் கேட்டறியத்தக்கது. பெண்பறவை ஒரு பெருமரத்தின் பொந்தினுள் புகுந்து, மண்ணாலும் எச்சத்தாலும் பழச்சதையாலும் வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விடும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு ஓரளவு வளரும்வரை அது உள்ளேயே இருக்கும். பெரிய வகைகளில் இது ஏறத்தாழ மூன்று மாத காலம். அத்தனை நாளும் ஆண்பறவை அத்திப்பழமும் பிற கனிகளும் கொண்டுவந்து ஊட்டும். அந்த ஆண்பறவையை ஒருவன் சுட்டு வீழ்த்தினால் அவன் கொன்றது ஒரு பறவையை அன்று. அடைபட்ட குடும்பத்தையே பட்டினியில் தள்ளிவிடுகிறான்.

இருவாட்சிக்குத் தானே பொந்து குடையத் தெரியாது. முதிர்ந்த பெருமரத்தில் இயற்கையாக உண்டான பொந்துதான் அதற்கு வீடு. ரப்பர் மரத்தை நாம் 25, 30 ஆண்டுகளில் அகற்றி மறுநடவு செய்கிறோம். இருவாட்சி குடிபுகும் அளவுக்கு ஒரு காட்டுமரம் பருக்க அதைப்போல் பன்மடங்கு காலம் வேண்டும். அது விழுங்கும் கனிகளின் விதைகள் வெகுதொலைவில் விழுந்து முளைக்கின்றன. ஆகவே மரம் பறவையை வளர்க்கிறது. பறவை காட்டை வளர்க்கிறது.

கவச இருவாட்சி என்னும் வகையின் குரலைப் பற்றி மலாய் மக்களிடையே ஒரு கதை உண்டு. மாமியார்மீது சினங்கொண்ட மருமகன் ஒருவன் அவர் வீட்டின் தூண்களைக் கோடரியால் வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்தானாம். அதனால் பறவையாக மாறினானாம். 'தெபாங் மெந்துவா' என்பது அப்பறவையின் மலாய்ப் பெயர். வெட்டும் ஓசைபோல விட்டுவிட்டு ஒலித்து, விரைந்து, கடைசியில் பெருஞ்சிரிப்பாக முடியும் அக்குரலைக் கேட்டவர்கள் கதை பொருத்தமே என்பார்கள். ஆனால் இப்பறவையின் தலைக்கவசம் தந்தம்போல் திடமானது. அதற்காகவே வேட்டையாடப்பட்டு, 2015-ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினமாக அது அறிவிக்கப்பட்டது. அச்சிரிப்பொலி அடங்கிவிட்டால் கதை மட்டும் எஞ்சும். அதன் பொருளை விளக்க எதுவும் எஞ்சாது.

பேராக்கின் வடக்கே பெலும், தெமெங்கோர் காடுகளில் மலேசிய இயற்கைக் கழகத்துடன் இணைந்து இருவாட்சிகளைக் காக்கும் பணியில் ஜஹாய் முதலிய பூர்வகுடியினர் ஈடுபட்டு வந்துள்ளனர். காட்டை நன்கறிந்தவரே அதன் காவலராவது எத்துணைப் பொருத்தம்!

வடதிசை விருந்தினர்

செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் நமது நாட்டுக்கு வடக்கிலிருந்து எண்ணற்ற பறவைகள் வருகின்றன. சைபீரியாவிலும் வடசீனத்திலும் பனிக்காலம் தொடங்குமுன் அவை புறப்பட்டு, பெரும்பாலும் இரவிலேயே பறந்து வருகின்றன. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் நீலக்குருவி ஒன்று சைபீரியாவிலிருந்து வந்து நமது காட்டின் தரையில் இரைதேடுகிறது என்றால் வியப்பன்றோ? மூடுபனி சூழ்ந்த இரவுகளில் இப்பறவைகள் பிரேசர் மலையின் விளக்கொளியில் மயங்கிக் கீழிறங்குவது உண்டு. 1960-களில் அறிவியலாளர்கள் அங்கு அவற்றைப் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி விடுவித்து, அவற்றின் பயணப் பாதையை ஆராய்ந்தனர்.

கடல் கடந்து பிழைக்க வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இப்பறவைகளின் பயணம் எளிதில் புரியும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவை மார்ச், ஏப்ரல் மாதங்களில் திரும்பிச் சென்றுவிடும்; நாமோ இந்நாட்டு மக்கள். ஆகவே காட்டைக் காக்கும் பொறுப்பு அவ்விருந்தினரைவிட நமக்கே மிகுதி.

கூண்டா, காடா?

இனி, சிலருக்குக் கசப்பாக இருக்கக்கூடிய செய்திக்கு வருவோம்.

நமது தோட்டங்கள் சிலவற்றில் இளைஞர்கள் காட்டோரத்தில் கண்ணியும் பசையும் வைத்துப் பறவை பிடிக்கிறார்கள். 'முராய் பத்து' எனப்படும் சோலைபாடிக்கு நல்ல விலை கிடைக்கிறது. ஒரு பறவையின் விலை பல நாட் கூலிக்கு ஈடாகும் என்பதை நாம் அறியாமல் பேசவில்லை.

'பாராவ் பாராவ்' என்னும் பறவையை முதியவர்கள் நினைவுகூரக் கூடும். வைக்கோல் நிறத் தலையும் இனிய உரத்த குரலும் உடையது. ஆற்றோரப் புதர்களில் இணையாகப் பாடும். முன்னாளில் தாழ்நில ஆற்றங்கரைகளில் அதன் பாட்டு சாதாரணமாகக் கேட்கும். காட்டை அழித்தது ஒருபுறமிருக்க, அதன் குரலே அதற்கு எமனாயிற்று. கூண்டில் வைப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே பல இடங்களில் அது இல்லாமற் போயிற்று. 2018-ஆம் ஆண்டில் அதுவும் அழிவின் விளிம்பில் நிற்கும் பறவையாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் பாட்டைக் கேட்க நிலம் குறைந்த சிங்கப்பூருக்குச் செல்வது எளிது. அங்கே புலாவ் உபின் தீவில் அது பாதுகாப்பாக வாழ்கிறது.

நாம் அழைத்துச் சென்ற இளைஞர் குழு ஒன்றில் பறவை பிடிக்கும் பழக்கமுள்ள ஒருவர் இருந்தார். அடிவாரத்து ஆற்றோரம் வண்டியை நிறுத்தியபோது காட்டினுள்ளிருந்து சோலைபாடி ஒன்று பாடியது. அவர் உடனே, "இது ஆண். இரண்டு வயதுக்கு மேல் இருக்கும். நல்ல விலை போகும்," என்றார். அவருடைய அறிவைக் கண்டு நாம் வியந்தோம். பிறகு அவர், "நான் பிடிக்காவிட்டால் இன்னொருவன் பிடிப்பான். என் வீட்டில் அரிசிக்கு வழி சொல்லுங்கள்," என்று நேராகவே கேட்டார்.

அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அன்று நாம் சொன்ன விடையையே இன்றும் சொல்லுகிறோம். விற்ற பறவை ஒருமுறைதான் பணம் தரும். காட்டில் விட்ட பறவை ஆண்டுதோறும் பயணிகளை வரவழைக்கும். பிரேசர் மலையில் 1988-ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துலகப் பறவை காணும் போட்டிக்குப் பல நாட்டவர் வந்திருக்கின்றனர். அவர்களுக்கு வழிகாட்ட, குரலைக் கேட்டே பறவையின் பெயரையும் வயதையும் சொல்லும் ஆள் தேவை. அவ்வறிவு அவ்விளைஞரிடம் ஏற்கெனவே இருந்தது. எல்லாருக்கும் வழிகாட்டி வேலை கிடைக்கும் என்று நாம் வாக்களிக்கவில்லை. ஆனால் கண்ணி வைப்பவனுக்கு எதிர்காலம் இல்லை என்பது உறுதி. பறவை தீர்ந்தால் அத்தொழிலும் தீர்ந்தது. அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு முதலாவதாகப் பெயர் கொடுத்தவர் அவர்தாம்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தீபகற்பத்தில் நடைமுறைக்கு வந்தது. 2022-இல் அது திருத்தப்பட்டுத் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமின்றிப் பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். ஐயமிருந்தால் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். அறியாமை தண்டனையிலிருந்து காப்பாற்றாது.

காட்டினால் நமக்கென்ன பயன் என்போருக்கு ஒரு சொல். பிரேசர் மலையின் மேற்குச் சரிவுகளில் பிறக்கும் ஓடைகள் சிலாங்கூர் ஆற்றில் கலக்கின்றன. அவ்வாற்று நீரே சிலாங்கூரிலும் தலைநகரிலும் இலட்சக்கணக்கான வீடுகளின் குழாயில் வருகிறது. 1992-ஆம் ஆண்டு ரியோ மாநாட்டில், நிலப்பரப்பில் பாதிக்குக் குறையாமல் காடாக வைத்திருப்போம் என்று மலேசியா உலகுக்கு வாக்களித்தது. அவ்வாக்கு நிறைவேறுகிறதா என்பதைக் காட்டும் முதற்சாட்சி பறவையே.

வசதியில்லை என்போருக்கு

"கருவி இல்லை, நூல் இல்லை, ஓய்வு இல்லை" என்று சிலர் கூறலாம். அவர்களுக்காக ஒரு வரலாறு. கை மேடோக் என்னும் காவல்துறை அதிகாரி ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தார். பசியும் நோயும் சூழ்ந்த அவ்விடத்தில், 1943-ஆம் ஆண்டில், மலாயாப் பறவைகளைப் பற்றி ஓர் அறிமுக நூலை அவர் எழுதி முடித்தார். போருக்குப்பின் அச்சேறிய அந்நூல் பலருக்கு முதல் வழிகாட்டியாயிற்று. சிறையில் இருந்தவர் நூலே எழுதினார்; வெளியில் இருக்கும் நாம் ஒரு குறிப்பேடாவது எழுதலாமன்றோ?

பயணத்துக்கான வழிமுறைகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

தனித்தனியே செல்வதைவிடப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வேன் அமர்த்திக்கொண்டால் செலவு குறையும். ஐந்து பேருக்கு ஒரு தொலைநோக்கி போதும். தோட்ட இளைஞர் மன்றமோ பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஒன்றிரண்டு வாங்கி வைக்கலாம். மலைச்சாலை குறுகலானது; மழைக்காலத்தில் மண்சரிவும் ஏற்படும். ஆகவே புறப்படுமுன் சாலை நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பளிச்சென்ற வெள்ளை உடையைத் தவிர்த்து, பச்சை, பழுப்பு முதலிய மங்கிய நிறங்களை அணியுங்கள். குளிருக்கு ஒரு மேலாடையும், மழைக்கு ஒரு குடையும், அட்டைக்கு நீண்ட காலுறையும் தேவை. வானொலியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பறவைக்குத் தீனி போடாதீர்கள். கூட்டின் அருகே செல்லாதீர்கள். கைத்தொலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அதை ஏமாற்றி அழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதென எண்ணி அது இரையை மறந்து அலையும்.

புதிய பறவையைக் கண்டால் உடனே பெயரைத் தேடி நூலைப் புரட்ட வேண்டாம். நூல் அங்கேயே இருக்கும், பறவை இராது. முதலில் நான்கு கேள்விகள் கேளுங்கள். அளவு என்ன? சிட்டுக்குருவியா, மைனாவா, காகமா, எதனோடு ஒப்பிடலாம்? நிறம் என்ன? அலகு எப்படி? மரத்தின் எந்தப் பகுதியில், என்ன செய்துகொண்டிருந்தது? இவற்றை நாளும் இடமும் குறித்து எழுதிக்கொண்டால், பெயரைப் பிறகு கண்டுபிடிக்கலாம். பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவரின் குறிப்பேடு பத்தாண்டுகள் தொடர்ந்தால், அது அப்பகுதியின் வரலாற்று ஆவணமாகிவிடும்.

ஒருமுறை சென்று பழகியவர்கள் பிற மலைகளுக்கும் செல்லலாம். கேமரன் மலை உண்டு. பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுரக் கிலோமீட்டர் பரந்துள்ள தாமான் நெகாரா உண்டு. வசதி வாய்த்தால் சபாவில் 4,095 மீட்டர் உயர்ந்து நிற்கும் கினபாலு மலை உண்டு. போர்னியோத் தீவின் மலைகளைத் தவிர வேறெங்கும் காண முடியாத பறவைகள் அங்கே வாழ்கின்றன.

அன்பர்களே, ஒரு பறவையின் பெயரையும் அது வாழும் மரத்தையும் அறிந்தவன் அதை எளிதில் விற்க மாட்டான். அது வாழும் காட்டை அழிக்கவும் உடன்பட மாட்டான். அறிமுகம் இல்லாத இடத்தில்தான் அக்கறையும் இல்லாமற் போகிறது. அவ்வறிமுகத்தைத் தேடியே மலையேறச் சொல்லுகிறோம்.

மலைக்குச் செல்லுமுன் ஒரு சிறு பயிற்சி. வரும் ஓய்வுநாள் காலையில், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தோட்டத்து ஓடைக்கரையில் அரைமணி நேரம் பேசாமல் நில்லுங்கள். எத்தனை குரல் கேட்கிறது என்று எண்ணி எழுதுங்கள். அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு மன்றச் செயலாளரிடம் வந்து உங்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள். பன்னிரண்டு பெயர் சேர்ந்ததும் வேன் புறப்படும்.